குழாய்த் தண்ணிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கலாம்?



ஒரு டிவிசனுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வரப்போகிறது என்றால், குழாய் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். கையில் கடதாசியும் பேனாவுமாக ஒருவர் லயத்துக்கு வந்து, "வீட்டு வாசலிலேயே தண்ணி கிடைச்சா மாசம் எவ்வளவு கட்டுவீங்க?" என்று வீடு வீடாகக் கேட்பார். சிலர் "எல்லாரும் என்ன குடுக்கிறாங்களோ அதே நாங்களும்" என்பார்கள். சிலர் "ஒரு நூறு ரூபா போட்டுக்கோங்க" என்பார்கள். இன்னும் சிலர் "தண்ணிக்குமா காசு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

சும்மா கேட்டுப் போகும் கேள்வி என்று இதை நினைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் தொகையை வைத்துத்தான் தாங்கி எவ்வளவு பெரிது, வீட்டுக்கு ஒரு குழாயா அல்லது லயத்துக்கு ஒரு குழாயா, பழுது பார்க்க ஆள் வைக்க முடியுமா என்பதெல்லாம் தீர்மானமாகும். கட்டிய திட்டம் இரண்டு வருடத்தில் நின்றுபோகுமா, இருபது வருடம் ஓடுமா என்பதும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு எப்படி யோசித்துப் பதில் சொல்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பீலித் தண்ணி இலவசமா?

"பீலியில வர்ற தண்ணிக்கு யாருங்க காசு குடுக்கிறா?" என்று கேட்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் காசாகக் கொடுக்காததை வேறு விதமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லயத்திலிருந்து பீலிக்குப் போய், வரிசையில் நின்று, நிரப்பிக்கொண்டு திரும்பி வர 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 நடை என்றால் 100 நிமிடம். ஒரு மாதத்துக்கு 50 மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலை நாளாகப் பார்த்தால் 6 நாளுக்கும் மேலே. அதாவது வீட்டில் ஒருத்தி மாதத்துக்கு ஆறு பேருக்கு உரிய வேலையைத் தண்ணி தூக்குவதிலேயே செய்துவிடுகிறாள். செக்ரோலில் அது பதியப்படுவதில்லை, அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 6 நாள் என்பது 8,100 ரூபா. இந்த நேரம் மிச்சமானால் அத்தனையும் காசாகிவிடும் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு முன்னும், அந்தியில் மலையிலிருந்து வந்த பின்னும் போகிற நேரம் அது. ஆனால் அது தூங்கும் நேரம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம், முதுகை நிமிர்த்தும் நேரம். 20 லீற்றர் வாளி என்றால் 20 கிலோ. நாள் முழுவதும் கொழுந்து சுமந்த உடம்புதான் அதையும் சுமக்கிறது.

அடுத்தது நோய்ச் செலவு. மலைப்பாங்கான இடத்தில் மேலே இருக்கும் லயத்து மலசலகூடமும் மாட்டுத்தொழுவமும் கீழே இருக்கும் ஊற்றைக் கெடுத்துவிடும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், மஞ்சட்காமாலை எல்லாம் தண்ணியோடு வருபவை. 2007ஆம் ஆண்டு கம்பளையில் மஞ்சட்காமாலை பரவியதை மலையகத்தில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் மருந்து, பஸ் காசு, தாய்க்குப் போன இரண்டு பேர் என்று எண்ணிப் பாருங்கள். பீலித் தண்ணி எவ்வளவு "இலவசம்" என்று அப்போது விளங்கும்.

கட்டுவது ஒரு செலவு, ஓட வைப்பது இன்னொரு செலவு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

தாங்கி கட்டுவது, ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவது, மைல் கணக்கில் குழாய் பதிப்பது எல்லாம் முதல் செலவு. இது லட்சக் கணக்கில் ஆகும். தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் சம்பளத்தில் இதைச் செய்ய முடியாது. செய்யச் சொல்லுவதும் நியாயமில்லை. தோட்டத்தில் குடியிருக்க வைத்தவர்கள் குடிதண்ணீரும் தர வேண்டும் என்பது பழைய காலத்திலிருந்து வரும் பொறுப்பு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனதால் அந்தப் பொறுப்பு காணாமல் போய்விடவில்லை. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சுத்தமான குடிநீரை மனித உரிமை என்று ஏற்றுக்கொண்டது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை செய்ய வழி திறந்தது. ஆகவே முதல் செலவுக்கு அரசு, கம்பெனி, உதவித் திட்டங்கள் ஆகியவற்றிடம் தலை நிமிர்ந்து கேட்கலாம்.

ஆனால் தாங்கி கட்டித் திறப்புவிழா வைத்து ரிப்பன் வெட்டியவர்கள் மறுநாள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு மழையில் ஊற்றுவாய் மண்ணால் அடைபட்டால் யார் தோண்டுவது? பைப் வெடித்தால் யார் ஒட்டுவது? குளோரின் தூள் யார் வாங்குவது? இது இரண்டாவது செலவு. மாதம் தவறாமல் வரும் செலவு. உங்களிடம் "எவ்வளவு கட்டுவீங்க?" என்று கேட்பது முக்கியமாக இதற்காகத்தான்.

இலங்கையில் கிராமக் குடிநீர்த் திட்டங்கள் இந்த வழியில்தான் வளர்ந்தன. 1993இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் உலக வங்கியின் உதவியோடு ஒரு சமுதாயக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. முதல் செலவில் 20 வீதத்தை மக்கள் பெரும்பாலும் உடலுழைப்பாகக் கொடுப்பது, பராமரிப்பை முழுக்க மக்களின் சங்கமே பார்ப்பது என்பது அதன் ஏற்பாடு. 2015இல் தொடங்கிய பிந்திய திட்டத்தில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, கேகாலை போன்ற மாவட்டங்களோடு தோட்டங்களும் சேர்க்கப்பட்டன. இப்படிப்பட்ட கிராமிய நீர்ச் சங்கங்களுக்கு உதவி செய்யவென்றே தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் 2014இல் உருவானது.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

60 குடும்பம் உள்ள ஒரு டிவிசன் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக எழுதியவை. உங்கள் இடத்து விலையைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்குப் பாருங்கள்.

மாதச் செலவு:
குழாய் பார்ப்பவருக்குக் கொடுப்பனவு – 6,000 ரூபா
குளோரின் தூள் – 1,500 ரூபா
திருகுபிடி, வால்வு, பைப் ஒட்டும் சாமான் – 3,000 ரூபா
கணக்குப் புத்தகம், பற்றுச்சீட்டு, பஸ் காசு – 300 ரூபா
மொத்தம் – 10,800 ரூபா

இதை 60ஆல் பிரித்தால் வீட்டுக்கு 180 ரூபா. பல சங்கங்கள் கணக்கை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. அங்குதான் தவறு நடக்கிறது. ஏனென்றால் குழாயும் வால்வும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. கொங்கிரீட் தாங்கி நல்லபடியாகக் கட்டியிருந்தால் முப்பது வருடத்துக்கு மேலும் நிற்கும். ஆனால் பைப் தேய்ந்து, இறுகி, வெடிக்கும். சுமார் இருபது வருடத்தில் பெரும்பகுதியை மாற்ற வேண்டி வரும். அன்றைக்கு இன்னொரு உதவித் திட்டம் வரும் என்று யார் உறுதி சொல்வது?

மாற்ற வேண்டிய பைப்பும் சாமானும் 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 72,000. மாதத்துக்கு 6,000. வீட்டுக்கு 100 ரூபா. ஆக, 180உம் 100உம் சேர்த்து 280 ரூபா. இதில் 100 ரூபாவைத் தனிப் புத்தகத்தில் வங்கியில் போட வேண்டும். அந்தப் புத்தகத்தைத் திருவிழாவுக்கோ, சாவு வீட்டுக்கோ, கடனுக்கோ தொடக்கூடாது. அது பைப்பின் சேமலாப நிதி. நமக்கு வயதான காலத்துக்கு ஈ.பி.எப். எப்படியோ, குழாய்க்கு வயதான காலத்துக்கு இது அப்படி.

சாமான் விலையும் ஏறும். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியபோது பைப்பும் சிமெந்தும் என்ன விலைக்குப் போயின என்று தெரியும். 2022 செப்டம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் நாட்டின் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையே தன் கட்டணத்தை உயர்த்தியது. அதனால் சந்தாவை வருடத்துக்கு ஒரு தடவை பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பார்த்துத் திருத்துவது என்று ஆரம்பத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

இன்னொரு விஷயம். 60 வீட்டில் 45 வீடுதான் ஒழுங்காகக் கட்டுகிறது என்றால் என்ன ஆகும்? அதே 16,800 ரூபாவை 45 வீடு சுமக்க வேண்டும். வீட்டுக்கு 373 ரூபா ஆகிவிடும். ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் தண்டனை. இரண்டு மாதம் பார்ப்பார், மூன்றாம் மாதம் அவரும் நிறுத்திவிடுவார்.

கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்

நம்மவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வதுண்டு.

ஒன்று, பயந்து குறைத்துச் சொல்வது. "கூடச் சொன்னா அதையே தலையில கட்டிருவாங்க" என்று 50 ரூபா என்பார்கள். அதைக் கேட்டு, "இவர்களுக்கு வீட்டுக் குழாய் வேண்டாம் போலிருக்கிறது, லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் போதும்" என்று திட்டம் போடுகிறவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். பிறகு "எங்களுக்கு ஏன் வாசலுக்குத் தண்ணி வரல்ல?" என்று கேட்டுப் பிரயோசனமில்லை.

மற்றது, மரியாதைக்குக் கூட்டிச் சொல்வது. கேட்க வந்தவர் பெரிய இடத்து ஆள் என்று, "ஐநூறு வேணும்னாலும் குடுப்போமுங்க ஐயா" என்று சொல்லி அனுப்புவது. ஐநூறை நம்பிப் பம்பு மோட்டார் வைத்துத் திட்டம் போட்டுவிடுவார்கள். கரண்ட் பில் வரும்போது கட்ட ஆளிருக்காது. மோட்டார் பூட்டிய அறைக்குள் துருப்பிடிக்கும். நாம் திரும்பவும் வாளியோடு பீலிக்குப் போவோம்.

யார் பதில் சொல்வது என்பதும் முக்கியம். வாசலில் நிற்கும் ஆம்பிளையிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவது வழக்கம். தண்ணி தூக்குகிறவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத்தான் அந்த ஐந்து நடையின் பாரம் தெரியும். ஆகவே புருஷனும் பெண்சாதியும் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு செய்துகொள்வது நல்லது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

கேரளத்தில் 1980களின் பிற்பகுதியில் இதே கேள்வியை வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார்கள். 1993இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. அங்கே கிராமங்களில் குழாய் போட்டிருந்தார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் தண்ணி ஒழுங்காக வராது. ஒழுங்காக வராததால் மக்கள் வீட்டு இணைப்பு எடுக்கவில்லை. இணைப்பு குறைவானதால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் பழுது பார்க்க முடியவில்லை. பழுது பார்க்காததால் தண்ணி இன்னும் மோசமானது. செக்கு மாடு சுற்றுவது போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கண்டுபிடித்த விஷயம் நமக்கும் பொருந்தும். மக்களால் மாதச் சந்தா கட்ட முடியாமல் இல்லை. தொடக்கத்தில் ஒரே தடவையாகக் கட்டச் சொன்ன இணைப்புக் காசுதான் தடையாக இருந்தது. அதைத் தவணையாக்கி மாதக் கட்டணத்தோடு சேர்த்தால் இன்னும் பல வீடுகள் சேரும் என்று தெரிந்தது. ஒழுங்காகத் தண்ணி வருமென்றால் கூடக் கொடுக்கவும் அவர்கள் தயார்.

நம் நாட்டிலும் 2003இல் நீர்கொழும்புப் பக்கமும், களுத்துறையிலிருந்து காலி வரையான கரையோரத்திலும் இப்படி ஒரு ஆய்வு நடந்தது. வீட்டில் நல்ல கிணறு உள்ளவர்கள் குழாய்க்கு அதிகம் கொடுக்க முன்வரவில்லை. வசதி குறைந்தவர்களும் அப்படித்தான். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இருக்காது. தோட்டத்தில் வீட்டுக் கிணறு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஊற்றுக்குப் பக்கத்து லயமும் மேட்டு லயமும் ஒரே மாதிரி யோசிக்காது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

முடியாதவர்கள் என்ன செய்வது?

எல்லா டிவிசனிலும் இரண்டு மூன்று வீடாவது இருக்கும். பேர் பதிவில்லாத வயதான அம்மா, புருஷனை இழந்தவர், படுக்கையில் கிடக்கும் நோயாளியை வைத்திருப்பவர். "காசில்லைன்னா குழாயைப் பூட்டு" என்ற சட்டம் அவர்களுக்கு ஆகாது. குடிக்கிற தண்ணியை யாருக்கும் நிறுத்தக்கூடாது. அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பாதிச் சந்தா, அல்லது சந்தா இல்லை என்று பொதுக்கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம். மேலே சொன்ன கணக்கில் மூன்று வீட்டை விலக்கினால் மற்ற 57 வீட்டுக்கும் மாதம் சுமார் 15 ரூபாதான் கூடும். ஒரு தேத்தண்ணிக் காசுகூட இல்லை.

ஆனால் இயலாமை வேறு, பழகிப்போன பாக்கி வேறு. கொழும்பில் பிள்ளைகள் உழைத்து அனுப்ப, வீட்டில் புதுப் பெட்டி வானொலியும் டீவியும் பாடிக்கொண்டிருக்க, தண்ணிச் சந்தா மட்டும் ஆறு மாதப் பாக்கி என்பது சரியில்லை. அதையும் பொதுக்கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.

சம்பள நாளுக்கு மறுநாள் வசூலிப்பது நல்லது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னால், ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுச் சம்மதித்த பிறகே செய்ய வேண்டும். பிடித்த காசு தண்ணிப் புத்தகத்துக்கு வந்து சேர்கிறதா என்று மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சரி" என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

காசு கொடுக்கப் போகிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இந்த ஆறையும் கேளுங்கள்.

1. வறட்சியில் ஊற்று எவ்வளவு ஓடுகிறது? மழைக் காலத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். நுவரெலியாப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும். ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில். 20 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 1 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 28,800 லீற்றர். 60 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 60 லீற்றர் என்றால் தேவை 18,000 லீற்றர். போதும். 2 நிமிடம் எடுத்தால் 14,400தான் கிடைக்கும். போதாது. வேறு ஊற்றும் வேண்டும்.

2. ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது? கம்பெனியின் மலையில் இருந்தால், பயன்படுத்தும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். ஊற்றுக்கு மேலே புல் மருந்து அடிப்பதில்லை, உரம் போடுவதில்லை, மரம் தறிப்பதில்லை என்பதும் அந்தக் கடிதத்தில் வேண்டும். துரை மாறினாலும் கடிதம் மாறாது.

3. லயம் அங்கேயே இருக்கப் போகிறதா? "வீடே எங்க பேர்ல இல்ல, குழாய்க்கு எதுக்குக் காசு?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் புது வீடு வேறிடத்தில் வரப்போகிறது என்றால், குழாய் அந்தப் பக்கமும் போகும்படி இப்போதே வரைய வேண்டும். மண்சரிவு அபாயம் என்று குறித்த இடத்தில் இருபது வருடத்துப் பைப் போடுவதில் அர்த்தமில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது.

4. தண்ணியை யார் பரிசோதிப்பார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருடத்துக்கு எத்தனை தடவை பார்ப்பார், முடிவை எங்கே ஒட்டுவார்கள்?

5. கணக்கை யார் வைத்திருப்பார்? பொருளாளரும் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வங்கியிலிருந்து காசு எடுக்க முடியும் என்று இருக்கட்டும். சங்கக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் வரவு செலவை பிள்ளைக் காம்பராச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு.

6. பெரிய சேதம் வந்தால் யார் பொறுப்பு? வெள்ளத்தில் தாங்கி அடித்துக்கொண்டு போனால் மாதச் சந்தாவில் கட்ட முடியாது. அப்போது தோட்டம் என்ன செய்யும், பிரதேச சபை என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இந்த ஆறுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் உங்கள் தொகையைத் துணிந்து சொல்லலாம். கிடைக்காவிட்டால், "முதல்ல இதைச் சொல்லுங்க, அப்புறம் காசைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்வதில் தவறே இல்லை. கேள்வி கேட்பதால் திட்டம் போய்விடாது. கேள்வி கேட்காத இடத்தில்தான் திட்டம் நின்றுபோகிறது.

நம் கையில் உள்ளது

கசியும் குழாயைப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். சின்னக் கசிவு, 2 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் நிறைகிறது என்றால் நாளைக்கு 144 லீற்றர். ஒரு வீட்டின் குடிதண்ணீரும் சமையல் தண்ணீரும் அதிலேயே போய்விடும். பிரதான பைப்பில் ஓட்டை போட்டு மரக்கறித் தோட்டத்துக்கு ஹோஸ் இழுப்பதும் அப்படித்தான். மேட்டு லயத்துப் பிள்ளையின் தண்ணி நமது கோவாவுக்குப் போகிறது.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு கடதாசி எடுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை நடை தண்ணிக்குப் போகிறோம், எவ்வளவு நேரம், போன வருடம் வயிற்றோட்டத்துக்கு எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், மாதம் தவறாமல் கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். சம்பளம் நல்லா வந்த மாதத்தை வைத்து எழுத வேண்டாம். மழையில் பேர் குறைந்த மாதத்தை வைத்து எழுதுங்கள். அந்த மாதத்திலும் கட்ட முடிந்த தொகைதான் உண்மையான தொகை. கடதாசியோடு ஆள் வரும்போது அதைச் சொல்லுங்கள்.